திண்ணையில் இருக்கும் பிள்ளையைத் திடலுக்கு அனுப்புங்கள்

(களம்பூரில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில், திருமணமான தம்பதிகளுக்குச் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)

 

தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். அரிசி ஆலையில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

குடும்ப நலக் கூட்டம் என்றால் கருத்தடை, பிரசவம், தடுப்பூசி இவைதான் பேச்சு என்று நினைத்து வந்திருப்பீர்கள். அவற்றையும் பேசுவோம். ஆனால் இன்றைக்கு முக்கியமான பேச்சு விளையாட்டு. கை கால் குறையோடு, கண் காது குறையோடு, அறிவு வளர்ச்சி குறைவோடு இருக்கும் நம் பிள்ளைகளின் விளையாட்டு.

“இதுக்கும் குடும்ப நலத்துக்கும் என்னங்க சம்பந்தம்?” என்று கேட்கலாம். சம்பந்தம் நிறைய உண்டு. ஒரு வீட்டில் ஒரு பிள்ளை மட்டும் வெளியே வராமல் உட்கார்ந்திருந்தால், அந்த வீட்டுக்கு முழு நலம் என்று சொல்ல முடியுமா? யோசித்துப் பாருங்கள்.

நான் வீடு வீடாகப் போகிற வேலை பார்க்கிறவன். தெருவில் பிள்ளைகள் கூச்சல் போட்டு ஆடுவார்கள். ஒரு பிள்ளை மட்டும் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். சில வீடுகளில் திண்ணைக்குக்கூட விடமாட்டார்கள். உள்ளே தறிக்குப் பக்கத்திலேயே பாயில் கிடக்கும். பெற்றோருக்குப் பாசம் இல்லை என்று சொல்ல வரவில்லை. பாசம் அதிகமாகிப் பயமாக மாறிவிட்டது. அந்தப் பயத்தைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

பெரியவடகம்பட்டிப் பையன்

சேலம் மாவட்டத்தில் பெரியவடகம்பட்டி என்று ஒரு கிராமம். அங்கே 1995-ஆம் ஆண்டு பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது பேருந்து ஏறி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. தாயார் சரோஜா செங்கல் சுமந்தவர், பிறகு காய்கறி விற்றவர். தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்தவர். வைத்தியச் செலவுக்காக 3 இலட்சம் ரூபாய் கடன் பட்டார் என்று அந்நாளில் செய்தித்தாள்கள் எழுதின.

இப்படி ஒரு பிள்ளை நம் தெருவில் இருந்தால் நாம் என்ன சொல்லுவோம்? “பாவம், அவனைத் தொந்தரவு பண்ணாதீங்க, ஓரமா உக்காரட்டும்” என்போம். அந்தப் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர் அப்படிச் சொல்லவில்லை. “நீயும் தாண்டிப் பாரு” என்றார். 14 வயதில் மாரியப்பன் இரண்டு காலும் நன்றாக உள்ள பிள்ளைகளோடு உயரம் தாண்டும் போட்டியில் இறங்கி, இரண்டாவதாக வந்தார். பிறகு பெங்களூரில் சத்தியநாராயணா என்ற பயிற்சியாளர் அவரைச் சேர்த்துக்கொண்டு பயிற்சி கொடுத்தார்.

2016-இல் பிரேசில் நாட்டு ரியோ நகரில் பாராலிம்பிக் போட்டி நடந்தது. ஒலிம்பிக் நடக்கும் அதே ஊரில், ஒலிம்பிக் முடிந்ததும், மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் உலகப் போட்டி அது. அங்கே மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். நம் கணக்கில் ஆறடி இரண்டு அங்குலத்துக்கும் மேலே. வீட்டுக்குப் போய் உங்கள் நிலைவாசலை அண்ணாந்து பாருங்கள், அது எவ்வளவு உயரம் என்று தெரியும். உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பாராலிம்பிக் தங்கம் அதுதான்.

அதோடு அவர் நிற்கவில்லை. டோக்கியோவில் 2021-இல் நடந்த போட்டியில் வெள்ளி. 2024-இல் பாரிஸில் வெண்கலம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவரே.

அந்தத் தாய் சரோஜா “கால் போன பிள்ளை” என்று அவனைக் கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த ஆசிரியர் இரக்கப்பட்டு ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த இரண்டு கேள்வியையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டு ஊரிலிருந்து ஒரு பெண்

“அது ஆம்பளப் பையன், எங்கே வேணும்னாலும் போவான். எங்களுது பொம்பளப் புள்ள” என்று சில தாய்மார்கள் நினைக்கலாம். அவர்களுக்காக மூன்று பெண்களைப் பற்றிச் சொல்கிறேன்.

நம் ஆரணியைப் போலவே பட்டுக்குப் பேர் போன ஊர் காஞ்சிபுரம். அந்த ஊர்ப் பெண் துளசிமதி முருகேசன். பிறவியிலேயே இடது கையில் குறை. தந்தை கூலி வேலை செய்தவர். ஆனால் அவரே மகளுக்குப் பாட்மிண்டன் மட்டையைக் கையில் கொடுத்து ஆடச் சொல்லிக் கொடுத்தார். துளசிமதி விளையாட்டோடு படிப்பையும் விடவில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் பிடித்துப் படித்தார்.

திருவள்ளூர்ப் பெண் மனிஷா ராமதாஸ். பிறக்கும்போதே வலது கை நரம்பில் பாதிப்பு. ஓசூர்ப் பெண் நித்யஸ்ரீ சிவன். உயரம் குறைந்தவர்களுக்கான பிரிவில் ஆடுகிறவர்.

2024 செப்டம்பரில் பாரிஸில் துளசிமதிக்கு வெள்ளி, மனிஷாவுக்கு வெண்கலம், நித்யஸ்ரீக்கு வெண்கலம். பாராலிம்பிக் பாட்மிண்டனில் இந்தியப் பெண்கள் பதக்கம் வாங்கியது அதுவே முதல் முறை. மூன்று பேரும் தமிழ்நாட்டுப் பெண்கள்! அந்தப் போட்டியில் இந்தியா மொத்தம் 29 பதக்கம் வாங்கியது. அதில் நான்கு நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கொண்டு வந்தவை. அந்த நால்வருக்கும் தமிழ்நாடு அரசு சேர்த்து 5 கோடி ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளையும் பாரிஸுக்குப் போகாது. நல்ல கை காலோடு இருக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒலிம்பிக் போகிறார்கள்? அதற்காக அவர்களை விளையாட விடாமல் இருக்கிறோமா? பதக்கம் இலட்சத்தில் ஒருவருக்கு. சாயங்காலம் ஒரு மணி நேரம் வேர்க்க விளையாடி, பசியெடுத்துச் சாப்பிட்டு, அசந்து தூங்குவது எல்லாப் பிள்ளைக்கும் உரியது. நான் கேட்பது அதைத்தான்.

விளையாட்டு ஒரு மருந்து

இந்தப் பாராலிம்பிக் எங்கே பிறந்தது தெரியுமா? ஒரு ஆஸ்பத்திரியில். இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு இழந்த சிப்பாய்கள் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சீக்கிரமே இறந்துபோவார்கள். லுட்விக் குட்மன் என்ற டாக்டர் அவர்களைப் படுக்கையில் விடாமல் எழுப்பி உட்கார வைத்தார். கையில் பந்தும் வில்லும் கொடுத்தார். 1948-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதுதான் வளர்ந்து 1960-இல் ரோம் நகரில் முதல் பாராலிம்பிக் ஆயிற்று.

நம் நாட்டுக்கு முதல் பாராலிம்பிக் தங்கம் கொண்டுவந்தவரும் ஒரு சிப்பாய்தான். முரளிகாந்த் பெட்கர். 1965 போரில் குண்டடிபட்டவர். 1972-இல் ஜெர்மனியில் நீச்சலில் தங்கம் வாங்கினார்.

டாக்டர் குட்மன் விளையாட்டைப் பொழுதுபோக்காக ஆரம்பிக்கவில்லை, வைத்தியமாக ஆரம்பித்தார். அசையாத மூட்டு இறுகிப்போகும். வேலை செய்யாத தசை சூம்பிப்போகும். உட்கார்ந்தே இருக்கும் பிள்ளைக்கு உடல் பெருக்கும், மலச்சிக்கல் வரும், சளி கட்டும். எல்லாவற்றையும்விட மனசு சுருங்கிப்போகும். விளையாடும் பிள்ளைக்கு இவை குறையும். நல்ல கை இன்னும் வலுப்படும். நல்ல கால் இரண்டு காலின் வேலையைப் பழகிக்கொள்ளும்.

யார் மேல் குற்றம்?

இனிப் பேசப்போவது கணவன்மார் காதில் விழ வேண்டிய பேச்சு.

குறையோடு குழந்தை பிறந்தால் முதல் பழி தாய் மேல் விழுகிறது. “உன் ராசி”, “உங்க வம்சம்”, “கிரகணத்துல வெளிய வந்தே” என்கிறார்கள். மாமியார் சொல்வதைக் கேட்டுக் கணவனும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தம்பிமார்களே, இது நியாயம் இல்லை, உண்மையும் இல்லை. கிரகணத்தால் குறை வருவதில்லை. பல குறைகளுக்குக் காரணமே தெரிவதில்லை. தாய் தகப்பன் இருவரும் நல்ல உயரமாக இருந்தும், கருவில் புதிதாக நேரும் மாற்றத்தால் குள்ளமாகக் குழந்தை பிறப்பது உண்டு. இதில் யார் மேல் குற்றம் சொல்ல முடியும்?

தெரிந்த காரணங்கள் சில உண்டு. அவற்றைத் தடுக்கலாம், கேளுங்கள்:

• மாமன், அக்காள் மகள் போன்ற நெருங்கிய இரத்த உறவுக்குள் மணம் முடித்தால், காது கேளாமை போன்ற சில பரம்பரைக் குறைகள் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஏற்கெனவே மணமானவர்கள் பயப்பட வேண்டாம். கரு உண்டானதும் டாக்டரிடம் உறவைச் சொல்லுங்கள்.

• கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிட்டால் முதுகுத்தண்டுக் குறைகள் பெரிதும் குறையும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

• கர்ப்பத்தில் சர்க்கரை கூடினால் குழந்தை பெருத்துவிடும். பிரசவத்தில் தலை வந்தபின் தோள் மாட்டிக்கொள்ளலாம். அப்போது கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்பு இழுபட்டுக் கை தொங்கிவிடும். ஆகவே சர்க்கரைப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளுங்கள். வலி கண்டதும் 108-க்குப் போன் செய்யுங்கள்.

• இளம்பிள்ளைவாதத்துக்குச் சொட்டு மருந்து, தட்டம்மை ரூபெல்லாவுக்கு ஊசி, எதையும் விடாதீர்கள். நம் ஊரில் நாற்பது ஐம்பது வயதில் கால் சூம்பி நடக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சொட்டு மருந்தின் பலனாக 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் இளம்பிள்ளைவாதக் கிருமியால் யாருக்கும் நோய் வரவில்லை. 2014-இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றும் கொடுத்தது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு குழந்தை குறையோடு பிறக்கலாம். பிறந்தால் அது நம் குழந்தை. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி என்ன செய்கிறான்? பாவையே அறுத்து எறிகிறானா? நின்று, குனிந்து, அந்த இழையைத் தேடி எடுத்து முடிந்துவிட்டு மறுபடி நெய்கிறான்.

நாளை தள்ளாதீர்கள்

சீக்கிரம் பார்த்தால் பல குறை சரியாகும், அல்லது குறையும். பிறந்த குழந்தையின் பாதம் உள்பக்கமாக வளைந்திருந்தால், முதல் சில வாரங்களிலேயே ஆரம்பித்து, வாரம் ஒரு மாவுக்கட்டாகப் போட்டு நேராக்கிவிடலாம். பிறகு டாக்டர் சொல்லும் வரை சில ஆண்டுகள் இரவில் தனிக் காலணி போட வேண்டும். இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். கால் நேராயிற்றே என்று காலணியை நிறுத்தினால் மறுபடி வளையும்.

கை தொங்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே அசைவு திரும்பும். அதற்குள் குளிப்பாட்டும் பாட்டியம்மா கையைப் பிடித்து இழுத்து நீவக் கூடாது. டாக்டர் சொல்லித்தரும் பயிற்சியை மட்டும் செய்யுங்கள். மூன்று மாதம் ஆகியும் முழங்கையை மடக்கவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போக வேண்டும்.

சத்தம் கேட்டால் குழந்தை திரும்புகிறதா? முகம் பார்த்துச் சிரிக்கிறதா? கழுத்து நிற்கிறதா? சந்தேகம் இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் நடமாடும் மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. அன்றைக்குப் பிள்ளையை மறைத்து வைக்காதீர்கள். தேவைப்பட்டால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

இன்னொன்று. குறையுள்ள குழந்தை பிறந்தவுடன் “அடுத்தது நல்லா பொறக்கட்டும்” என்று உடனே அடுத்த கர்ப்பத்துக்கு அவசரப்படுகிறார்கள். இது தாய்க்கும் ஆகாது, அந்தக் குழந்தைக்கும் ஆகாது. பயிற்சியும் பராமரிப்பும் அதிகம் தேவைப்படும் பிள்ளை அது. மூன்று ஆண்டு இடைவெளி விடுங்கள். அதற்குத்தான் காப்பர்-டியும் மற்ற வழிகளும் இருக்கின்றன. அடுத்த குழந்தைக்கு முன்பு டாக்டரிடம் யோசனை கேளுங்கள்.

நீங்கள் சொல்லும் நான்கு காரணங்கள்

பிள்ளையை விளையாட அனுப்பச் சொன்னால் நான்கு பதில் வருகிறது.

“உழுந்துட்டா என்ன பண்றதுங்க?” விழும். எந்தப் பிள்ளைதான் விழவில்லை? முட்டி சிராய்க்கும், மஞ்சள் வைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், ஆறிவிடும். உட்கார்ந்தே பதினைந்து வருஷம் போனால் அது ஆறாது.

“மத்த பசங்க கிண்டல் பண்ணுவாங்க.” முதல் நாள் பண்ணுவார்கள். உங்கள் மற்ற பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். “நொண்டி”, “செவிடு”, “லூசு” என்ற பேச்சு நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் வராமல் இருந்தால் பிள்ளைகள் வாயிலும் வராது. பத்து நாள் சேர்ந்து ஆடினால் பிள்ளைகள் குறையை மறந்துவிடுவார்கள். யார் நன்றாக எறிகிறான் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

“வெளிய தெரிஞ்சா மூத்தவளுக்கு வரன் அமையாதுங்க.” இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பதில். தங்கையை ஒளித்து வைத்து அக்காவுக்குக் கல்யாணம் முடித்தால், அந்த அக்கா மாமியார் வீட்டில் வாழ்நாள் முழுக்க ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு வாழ வேண்டும். துளசிமதிக்கும் ஓர் அக்கா தங்கை உறவு உண்டு. அந்த வீட்டில் தந்தை பெண்பிள்ளைகளைச் சேர்த்தே ஆட வைத்தார். பிள்ளையை வெளியே கொண்டு வந்தால் ஊர் இரண்டு நாள் பேசும். பிறகு பழகிவிடும்.

“வெளையாடி என்ன ஆவப் போவுது?” தானாக எழுந்து நடக்க, தானாகக் குளிக்க, தானாகப் பஸ் ஏற உடம்பில் பலம் வரும். நாலு பேரோடு பேசத் துணிவு வரும். நீங்களும் நானும் இல்லாத காலத்தில் அந்தப் பிள்ளை நிற்க வேண்டும். அதற்கு இன்றைக்கே பழக வேண்டாமா?

எப்படிச் சேர்த்துக்கொள்வது?

பெரிய மைதானம் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும். உலகப் போட்டியிலேயே மாற்றித்தான் ஆடுகிறார்கள். கால் பலம் மிகவும் குறைந்த சில பிரிவுகளில் பாட்மிண்டன் ஒற்றையர் ஆட்டத்தைப் பாதி அகலத்தில்தான் ஆடுகிறார்கள். ஒரே அளவு சிரமம் உள்ளவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும்படி பிரிவு பிரித்து வைத்திருக்கிறார்கள்.

கால் முடியாத பிள்ளைகளுக்கு உட்கார்ந்து ஆடும் கைப்பந்து என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர். நாலடிக்கும் கீழே. இரண்டு கம்பு நட்டு ஒரு பழைய புடவையைக் கட்டினால் வலை ஆயிற்று. நல்ல கால் உள்ள பிள்ளைகளும் கூடவே உட்கார்ந்து ஆடலாம். உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் சமம்தானே!

களம்பூரில் இடத்துக்குப் பஞ்சமா? நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம் இருக்கிறது. மேடு பள்ளம் இல்லாத தரை, சக்கர நாற்காலிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆலைக்காரர்களிடம் நாலு பேர் போய்க் கேளுங்கள், நெல் இல்லாத நாளில் தரமாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். வெயில் தாழ்ந்து தரை ஆறிய பிறகு பிள்ளைகளை இறக்குங்கள்.

கண் தெரியாத பிள்ளைக்குச் சத்தம் வரும் பந்து. உள்ளே மணி போட்ட பிளாஸ்டிக் பந்து ஒன்றை நீங்களே செய்யலாம். ஓடும்போது கூட ஒருவர் சிறு கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் போதும். காது கேளாத பிள்ளைக்கு விசிலோடு ஒரு துணியையும் வீசிக் காட்டுங்கள். ஒரு கை முடியாத பிள்ளைக்கு ஓட்டமும் பாட்மிண்டனும் தாராளமாக வரும். அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைக்கு விதியை ஒன்றொன்றாக, செய்து காட்டிச் சொல்லுங்கள். பொறுமைதான் வேண்டும்.

ஒப்புக்குச் சேர்த்துக்கொள்வது வேண்டாம். ஓரமாக நிறுத்திப் பந்து பொறுக்கிப் போடச் சொல்வது விளையாட்டு ஆகாது. அந்தப் பிள்ளைக்கும் முறை வர வேண்டும், ஜெயிக்கவும் தோற்கவும் இடம் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

முதலில் டாக்டரிடம் ஒரு தடவை காட்டி, எந்த ஆட்டம் ஆகும், எது ஆகாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வலிப்பு உள்ள பிள்ளை மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும். கிணற்றிலோ ஏரியிலோ தனியாக இறங்கக் கூடாது. டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளையின் கழுத்தைப் பரிசோதித்த பிறகே குட்டிக்கரணம், தலையால் பந்து முட்டுவது போன்றவை. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். தினமும் இராத்திரி பிட்டத்திலும் குதிகாலிலும் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்களில் சிலருக்கு உடம்பு சரியாக வேர்க்காது. வெயிலில் சூடு ஏறிவிடும், தண்ணீர் கையோடு இருக்கட்டும். செயற்கைக் கால் போட்டவர்கள் அடிக்கட்டைக் காலைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, புண் உண்டா என்று பார்க்க வேண்டும்.

பயிற்சிக்கு யாரிடம் அனுப்புகிறீர்கள் என்று தெரிந்து அனுப்புங்கள். நல்ல தொடுதல், கெட்ட தொடுதலை எல்லாப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள். பேச வராத பிள்ளைக்குச் சைகையில் சொல்லிக் கொடுங்கள். ஏதாவது தப்பு நடந்தால் 1098-க்குப் போன் செய்யலாம்.

இது சலுகை அல்ல, உரிமை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. 21 வகைக் குறைபாடுகள் அதில் அடங்கும். 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியில் இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. படிப்போடு விளையாட்டிலும் மற்றப் பிள்ளைகளோடு சமமாகப் பங்கெடுக்க வழி செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே “விளையாட்டு வகுப்புல இவன் வகுப்பறையிலேயே இருக்கட்டும்” என்று யாராவது சொன்னால், தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பணிவாகக் கேளுங்கள்.

செய்ய வேண்டிய வேலைகள் இவை:

1. அரசு மருத்துவரிடம் சான்றிதழ் பெற்று, தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். எல்லா உதவிக்கும் இதுதான் சாவி.

2. திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குப் போனால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை விசாரியுங்கள். சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, செயற்கைக் கால், உதவித்தொகை எல்லாம் அவர்கள் மூலம்தான்.

3. பள்ளி ஆசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரையும் இயன்முறை மருத்துவரையும் பாருங்கள்.

4. ஆர்வம் உள்ள பிள்ளையை முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் சேருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அதில் தனிப் பிரிவு உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்தில் விவரம் சொல்வார்கள்.

இருவரும் சேர்ந்து

கடைசியாக ஒரு வார்த்தை. பல வீடுகளில் இந்தப் பிள்ளையைத் தூக்குவதும் குளிப்பாட்டுவதும் ஆஸ்பத்திரிக்கு அலைவதும் தாய் ஒருத்தியின் வேலையாகவே இருக்கிறது. அவளுக்கு முதுகு வலி, தூக்கம் இல்லை, யாரிடமும் சொல்லி அழவும் வழி இல்லை. தகப்பன்மார்களே, வாரத்தில் மூன்று சாயங்காலம் தறியை விட்டு இறங்கி, பிள்ளையை நீங்கள் திடலுக்குக் கொண்டு போங்கள். சைக்கிளில் வைத்தோ தோளில் தூக்கியோ கொண்டு போங்கள். அந்த ஒரு மணி நேரம் உங்கள் மனைவிக்கு ஓய்வு. உங்களுக்கும் உங்கள் பிள்ளைக்கும் அது சிநேகம்.

குறை இல்லாத பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் இதில் வேலை உண்டு. இன்று சாயங்காலம் உங்கள் பிள்ளை விளையாடப் புறப்படும்போது, “பக்கத்து வீட்டுத் தம்பியையும் கூட்டிக்கிட்டுப் போ” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சட்டம் செய்ய முடியாததை அந்த ஒரு வார்த்தை செய்யும்.

நினைவில் வையுங்கள்

குறைக்குத் தாயைப் பழிக்காதீர்கள்.
குறையைச் சீக்கிரம் காட்டுங்கள், பிள்ளையை மறைக்காதீர்கள்.
அடுத்த குழந்தைக்கு மூன்று ஆண்டு இடைவெளி விடுங்கள்.
ஆட்டத்தைப் பிள்ளைக்கு ஏற்ப மாற்றுங்கள்.
தகப்பனும் தாயும் சேர்ந்து திடலுக்கு அனுப்புங்கள்.

ஏதாவது சந்தேகம் இருந்தால் கூட்டம் முடிந்ததும் தயங்காமல் கேளுங்கள். எல்லோர் முன்னும் கேட்கக் கூச்சமாக இருந்தால் செவிலியர் அம்மாவிடம் தனியே சொல்லுங்கள்.